விண்டோஸ், லினக்ஸ், மேக்: வீட்டுக்குள் ஃபைல் பகிர ஒரு செய்முறை

மாடியில் விண்டோஸ் டெஸ்க்டாப். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட். லீவுக்கு வந்தவர் கையில் மேக்புக். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இப்படிப்பட்ட வீடுகள் உண்டு; ஆனாலும் கல்யாண போட்டோவை மாற்ற பென் டிரைவ்தான் படியேறி இறங்குகிறது. மூன்றுக்கும் பொதுவாகத் தெரிந்த மொழி எஸ்எம்பி (SMB), அதாவது நெட்வொர்க் வழியாக ஃபைல் பகிரும் முறை. தனியாக மென்பொருள் வாங்க வேண்டாம்.

1. முகவரி பாருங்கள்

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். 192.168.1.10 போல ஒரு முகவரி வரும். மற்ற இரண்டிலும் வைஃபை விவரத்தில் இதே போன்ற முகவரியைத் தேடுங்கள். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் முதல் மூன்று எண்கள் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 192.168.1, இன்னொன்றில் 192.168.0 என்றிருந்தால் மேற்கொண்டு எதைச் செய்தாலும் வீண்.

ஃபைபர் பெட்டியோடு சொந்த ரவுட்டரையும் மாட்டிய வீடுகளில் இது சகஜம். பெட்டியின் முகவரி 192.168.1.1 என்றால், ரவுட்டருக்கு 192.168.1.2 கொடுத்து, அதன் டிஎச்சிபியை (DHCP, கம்ப்யூட்டர்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, பெட்டியிலிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் வான் (WAN) போர்ட்டிலிருந்து லேன் (LAN) போர்ட்டுக்கு மாற்றுங்கள். இந்த வரிசையிலேயே செய்யுங்கள். கெஸ்ட் வைஃபையில் இருக்கும் கம்ப்யூட்டர் மற்றதைப் பார்க்காது. அதிலிருந்து வெளியே வாருங்கள்.

கரண்ட் போய் வந்தால் டெஸ்க்டாப்பின் முகவரி மாறக்கூடும். பெட்டியின் டிஎச்சிபி பக்கத்தில் அதை ரிசர்வ் செய்து, மாறாதபடி வைத்துவிடுங்கள்.

2. விண்டோஸில் ஃபோல்டர்

விண்டோஸின் நெட்வொர்க் செட்டிங்ஸில் வீட்டு நெட்வொர்க்கை ‘பிரைவேட்’ ஆக்குங்கள். பிறகு பகிர்வதற்கென்றே மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி, பாஸ்வேர்ட் வையுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இது: தினமும் போடும் 4 இலக்க பின் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், நெட்வொர்க் வழியாக அது செல்லாது. பாஸ்வேர்ட் இல்லாத கணக்கும் செல்லாது.

ஃபோல்டரில் ரைட் கிளிக், பிராப்பர்டீஸ், ஷேரிங். புதிய யூசருக்கு ‘ரீட்/ரைட்’ கொடுங்கள். ‘எவ்ரிஒன்’ வேண்டாம்.

3. மற்றவற்றிலிருந்து நுழைதல்

மின்டில் ஃபைல் மேனேஜரைத் திறந்து கண்ட்ரோல்+எல். மேக்கில் ஃபைண்டரில் கமாண்ட்+கே. வரும் கட்டத்தில் ஆங்கிலத்தில் எஸ்எம்பி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு (smb://), அடுத்து டெஸ்க்டாப் முகவரி. யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று; மேலே உருவாக்கிய யூசரின் விவரத்தைக் கொடுங்கள். கேட்காமலே சுற்றிக்கொண்டிருந்தால் டெஸ்க்டாப் தூங்கியிருக்கும், அல்லது நெட்வொர்க் இன்னும் ‘பப்ளிக்’கில் இருக்கும்.

4. மாடிக்குக் கேபிள்

வீடியோ மாற்றுபவர்களுக்கு மட்டும் இது. கேட் 5இ (Cat 5e) ரக லேன் கேபிள் போதும்; 100 மீட்டர் வரை ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகம் தாங்கும். செம்பு முலாம் பூசிய அலுமினியம் மலிவு, ஆனால் மடக்கினால் ஒடியும். ஜிகாபிட்டுக்கு 8 கம்பியும் வேண்டும். வேகம் திடீரென 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கினால் முதலில் கேபிள் முனையிலுள்ள கிளிப்பைச் சந்தேகியுங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோரத்தில் உப்புக் காற்று அதன் உலோகப் பற்களைப் பச்சை பிடிக்க வைக்கும். வெட்டிவிட்டுப் புதுக் கிளிப் அடியுங்கள்.

ஐப்பசி மழைக்கு இடி வெட்டத் தொடங்குமுன் பவர் பிளக்கோடு லேன் கேபிளையும் உருவி வையுங்கள். வெளிச்சுவர் வழியாக ஓடும் கேபிள் என்றால் கட்டாயம்.