தோல்முட்டை போடுகிற கோழிக்கு என்ன செய்வது?

மொட்டைமாடியில் கோழி வளர்க்கிறவர்கள் தோல்முட்டையை, அதாவது கெட்டியான ஓடு இல்லாமல் மெல்லிய தோல் மட்டும் மூடிய முட்டையைப் பார்த்ததும் பதறிப்போகிறார்கள். புதிதாக முட்டையிடத் தொடங்கிய கோழி ஒன்றிரண்டு இப்படிப் போட்டால் விட்டுவிடுங்கள், தானாகச் சரியாகும். தொடர்ந்து வந்தால் பெரும்பாலும் சுண்ணாம்புச்சத்துக் குறைவுதான்; அரிசியும் மிச்சச் சோறும் மட்டும் போதாது, முட்டைக்கோழிகளுக்கென்றே உள்ள லேயர் தீவனம் கொடுங்கள், கூடவே கிளிஞ்சலை நொறுக்கித் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும். ஓடு உருவாக மட்டும் சுமார் 20 மணி நேரம் ஆகிறது. நம்ம சென்னை கத்திரி வெயிலில் கோழி வாயைத் திறந்து இரைக்கும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து ஓடு மெலிந்துபோகும், அதனால் மே மாதத்தில் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் எதையும்விட முக்கியம் என்பேன்.

உண்மையான ஆபத்து, முட்டை உள்ளே அடைத்துக்கொள்வது. கோழி வாலைத் தொங்கவிட்டு, நிமிர்ந்து நின்று, முக்கிக்கொண்டே இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அடிவயிறு நனைய 20 நிமிடம் உட்காரவைத்து, துடைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். வயிற்றை அழுத்தவே அழுத்தாதீர்கள், முட்டை உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து. சில மணி நேரத்தில் வெளியே வராவிட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.