ஜேட், அகேட் மணிகளால் கைச்சரம் கோப்பது எப்படி?

நான் முதன்முதலாக அகேட் என்னும் குவார்ட்ஸ் இனக் கல்மணிகளால் கோத்த கைச்சரம் மூன்றாம் மாதமே புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் அறுந்து, ஐந்து மணிகள் பாறைகளுக்கு இடையே விழுந்து போயின. வீட்டுக்கு வந்து அறுந்த நுனியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, அது நைந்து பிரிந்திருக்கவில்லை. பிளேடால் நறுக்கியதுபோல் சீராக இருந்தது. மீதி மணிகளின் துளைகளை விரல் நுனியால் தடவிப் பார்த்ததும் காரணம் விளங்கிவிட்டது. அகேட் மணிகளை வழக்கமாக இரு பக்கங்களிலிருந்தும் துளையிடுவதால், இரண்டு துளைகளும் சந்திக்கும் நடுவிடத்தில் ஒரு சிறு படியும், வாயோரத்தில் கூரான விளிம்பும் தங்கிவிடுகின்றன. அன்று முதல், மணியைச் சோதிக்கவும் துளையைச் சீராக்கவும் ஒரு முழு மாலைப்பொழுதை ஒதுக்கிவிட்டுத்தான் ஊசியைத் தொடுகிறேன்.

நம் ஊரில் கல்மணி புதிய சரக்கன்று. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கண்ணாடி மணிகளோடு அகேட் மணிகளும், கார்னீலியன் என்னும் செந்நிறக் கல்மணிகளும் கிடைத்தன. அவற்றைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். மழைக்குப் பிறகு மேட்டில் மணி பொறுக்குவதையும், அப்படிப் பொறுக்கியவற்றை விலைக்கு வாங்குவதையும் தயவுசெய்து செய்யாதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம். ஜேட்டோ வெளியிலிருந்து வரும் கல். ஜேடைட் என்னும் உயர்ந்த வகை பெரும்பாலும் மியான்மரின் கச்சின் பகுதியிலிருந்து வருகிறது.

ஜேட் என்ற ஒரே பெயரில் ஜேடைட், நெஃப்ரைட் என்னும் இரு வேறு கற்கள் இருப்பதை 1863இல் பிரெஞ்சுக் கனிமவியலாளர் அலெக்சி தமூர் பிரித்துக் காட்டினார். கடையில் இவற்றோடு 'இந்தியன் ஜேட்', 'நியூ ஜேட்' போன்ற பெயர்களும் காதில் விழும். முன்னது பச்சை அவெஞ்சுரின் என்னும் குவார்ட்ஸ் வகை, பின்னது செர்பென்டைன் என்னும் வேறொரு கனிமம். இரண்டும் அழகாகவே இருக்கும், ஆனால் ஜேட் அல்ல. இவற்றைப் பிரித்தறிய 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்னணுத் தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும்.

பத்து மணிகளை மெல்லிய நைலான் நூலில் கோத்து, முதலில் உலர்ந்த நிலையில் எடை பாருங்கள். பிறகு பாதி நிரம்பிய தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்கிவிட்டு, மணிகள் முழுவதும் மூழ்கும்படியும், அடியிலோ பக்கத்திலோ படாதபடியும், சரத்தைக் கையால் தொங்கவிடுங்கள். உலர்ந்த எடையை இப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் கல்லின் அடர்த்தி எண் கிடைக்கும். 8 மில்லிமீட்டர் மணிகள் பத்து 7.8 கிராம் இருந்து, நீரில் 2.6 காட்டினால் விடை 3.0, அது நெஃப்ரைட்டுக்கு உரியது. ஜேடைட் 3.3 அளவிலும், அகேட் 2.6 அளவிலும், அவெஞ்சுரின் 2.65 அளவிலும் நிற்கும். துளைக்குள் காற்றுக்குமிழி தங்கினால் கணக்குத் தவறும் என்பதால், மூழ்கிய சரத்தை இரண்டு மூன்று முறை உதறிவிடுங்கள். விரிசல்களைப் பிசினால் நிரப்பிய ஜேடைட்டை மட்டும் இம்முறையால் கண்டுபிடிக்க இயலாது. விலை அதிகமென்றால் ஆய்வகச் சான்று கேட்பதே சரி.

அகேட்டுக்குச் சாயமேற்றுவது பழைய வழக்கம். விரிசல்களிலும் துளையைச் சுற்றியும் நிறம் அடர்ந்து தெரிந்தால் அது சாயம் என்று ஐயப்படலாம். நகப்பூச்சு நீக்கியில் நனைத்த பஞ்சால் தேய்த்தால் சில சாயங்கள் பஞ்சில் ஏறும், சில ஏறா. எனவே பஞ்சு வெளுப்பாக இருப்பதை மட்டும் நம்பி இயற்கை நிறம் என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

துளையைச் சீராக்க, வைரத்தூள் பதித்த மெல்லிய ஊசி அரம் வேண்டும். மணியையும் அரத்தின் நுனியையும் ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்தே இரு வாயோரங்களையும் மெல்லத் திருகித் தேயுங்கள். இதில் சலுகையே கிடையாது. அகேட் தூள் சிலிக்கா; உலர்ந்த தூள் நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும். குஜராத்தின் கம்பாத்தில் தலைமுறைகளாக அகேட் தீட்டுபவர்களை வாட்டும் நோய் அதுதான். தேய்த்தபின் ஒரு நைலான் நூலைத் துளைக்குள் இருபது முறை இழுத்துப் பாருங்கள். நூலில் பிசிறு எழுந்தால் இன்னும் தேய்க்க வேண்டும்.

அளவில் பலர் தவறுவது மணியின் பருமனைக் கணக்கில் கொள்ளாததால்தான். மணிக்கட்டின் சுற்றளவு 15.5 செ.மீ. என்றால், 8 மில்லிமீட்டர் மணிக்கு 2.5 செ.மீ.யும், கை அசைவுக்கு அரை செ.மீ.யும் கூட்டி, 18.5 செ.மீ. சரம் வேண்டும், அதற்கு 23 மணிகள் பிடிக்கும். மணிகளுக்கு இடையே முடிச்சுப் போட்டால், ஒவ்வொரு முடிச்சும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் எடுத்துக்கொள்வதால், மணிகளில் மூன்றைக் குறைத்து, கொக்கியின் நீளத்தையும் கழித்துக்கொள்ளுங்கள்.

ஜேட்டும் அகேட்டும் கலந்த சரத்துக்கு முடிச்சுக் கோப்பையே நான் பரிந்துரைக்கிறேன். நெஃப்ரைட் எளிதில் உடையாத கல் என்றாலும் அகேட்டைவிடச் சற்று மென்மையானது. இரண்டும் நேராக உரசிக்கொண்டிருந்தால் நெஃப்ரைட்டின் பளபளப்பு மங்கும். பட்டு நூல் நம் கடற்காற்றிலும் வியர்வையிலும் ஈரம் குடித்து அழுக்கேறுவதால் நைலான் நூல் மேல். ஒன்றேகால் மீட்டர் நூலைக் கொக்கியின் வளையத்தில் மாட்டி, இரட்டையாக மடித்து முடிச்சிடுங்கள். மணியைக் கோத்ததும் நூலில் தளர்ந்த கண்ணி ஒன்று போட்டு, கண்ணிக்குள் தடித்த ஊசியை நுழைத்து, அந்த ஊசியாலேயே கண்ணியை மணியின் வாயை ஒட்டும்வரை நகர்த்திச் செல்லுங்கள். பிறகு நூலை இறுக்கியபடியே, நகத்தால் முடிச்சை மணியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊசியை உருவிவிடுங்கள். முதல் நான்கு முடிச்சுகள் கோணலாகத்தான் விழும். அவிழ்த்துப் போட முயன்றால் நூல் நைந்துவிடும், புதிய நூலில் தொடங்குவதே நல்லது.

எலாஸ்டிக்கில் கோக்க விரும்பினால் 0.8 மில்லிமீட்டர் கயிற்றை முதலில் பலமுறை இழுத்துத் தளர்த்திக்கொண்டு, கடைசி முடிச்சில் நுனியை ஒருமுறைக்குப் பதில் இருமுறை சுற்றி இறுக்குங்கள். உடனே ஒட்டும் பசை கயிற்றை விறைக்க வைத்து முறித்துவிடும் என்பதால், உலர்ந்தபின்னும் நெகிழ்வாக இருக்கும் நகைப்பசையில் ஒரு சொட்டு வைத்து, ஒரு நாள் முழுதும் காயவிட்டு, முடிச்சை அருகிலுள்ள மணியின் துளைக்குள் இழுத்து மறையுங்கள்.

கடலில் இறங்கும்போதும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதும் சரத்தைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, விளக்கின் முன் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். முடிச்சுக்கும் மணிக்கும் இடையே வெளிச்சம் தெரியத் தொடங்கினால் நூல் தளர்ந்துவிட்டது, மறுபடி கோத்துவிடுங்கள்.