எல்லா மேல்வயிற்று வலியும் ‘கேஸ்’ அல்ல: காரணம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலா எலும்புகளுக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே, வாரக்கணக்கில் விட்டுவிட்டு வலிக்கிறது என்று சொல்பவரிடம் என்ன தொந்தரவு என்று கேட்டால், ‘கேஸ் டிரபுள்’ என்றோ ‘அல்சர்’ என்றோதான் பெரும்பாலும் பதில் வரும். வலி எப்போது தொடங்குகிறது, எங்கே பரவுகிறது, எதனால் தணிகிறது என்று யாரும் விசாரிப்பதற்கு முன்பே அதற்குப் பெயர் வைத்தாகிவிடுகிறது. காரணத்தைத் தேடுவதில் நேரும் தவறுகளுள் பெரும்பாலானவை இந்த அவசரப் பெயரிலிருந்தே கிளைக்கின்றன என்று நான் கருதுகிறேன்.

அவற்றுள் உயிருக்கே ஆபத்தானது, இதயத்தை மறந்துவிடுவது. இதயத்தின் கீழ்ப்புறச் சுவருக்கு ரத்தம் செல்வது தடைபடும்போது, வலி நெஞ்சில் தோன்றாமல் மேல்வயிற்றில் குமட்டலோடும் ஏப்பத்தோடும் தோன்றக்கூடும். சர்க்கரை நோயாளிகளிடமும் பெண்களிடமும் முதியவர்களிடமும் இப்படி நிகழ வாய்ப்பு கூடுதல். மாடிப்படி ஏறும்போது வந்து, சற்று நின்றால் அடங்கிவிடும் மேல்வயிற்று வலியை வாய்வு என்று ஒதுக்கக் கூடாது. திடீரென்று வியர்த்துக் கொட்டி வலித்தால், ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று அதை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. சிறிது நேரம் கழித்து மீண்டும் ஈசிஜி எடுப்பதும், இதயத் தசை சேதமடையும்போது ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்னும் புரதத்தின் அளவைப் பார்ப்பதும் அதனால்தான்.

அடுத்தது, மருந்துக் கடையில் தானாகவே வாங்கி, மாதக்கணக்கில் விழுங்கும் அமிலக் குறைப்பு மாத்திரை. ஓமெப்ரசோல், பாண்டோப்ரசோல் போன்றவை நல்ல மருந்துகள்தாம். ஆனால் வலி குறைந்தது என்பதாலேயே காரணம் தெரிந்துவிட்டதாக ஆகாது, ஏனென்றால் இரைப்பைப் புற்றுநோயால் உண்டான புண்ணின் வலிகூட இம்மாத்திரைகளால் சிறிது காலம் தணியலாம். மேலும், ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமிக்கான பரிசோதனைகளையும் இவை ஏமாற்றிவிடும். மூச்சுப் பரிசோதனைக்கோ மலப் பரிசோதனைக்கோ முன் இம்மாத்திரைகளை இரண்டு வாரங்களும், ஆன்டிபயாட்டிக் மருந்துகளை நான்கு வாரங்களும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரலாம். இதய நோய்க்காக ஆஸ்பிரின் உட்கொள்பவர்களும், முன்பு புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இப்படி நிறுத்திவிடக் கூடாது.

இந்தக் கிருமியின் கதையே ஒரு பெயர் எவ்வளவு காலம் கண்ணை மறைக்கும் என்பதற்குச் சான்று. மன உளைச்சலும் காரமும் அமிலமும்தாம் வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என்று மருத்துவ உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் இக்கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். நம்புவோர் குறைவாக இருந்ததால் 1984இல் மார்ஷல் அதைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளானார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகும் நம் வீடுகளில் மிளகாய்தான் குற்றவாளியாக நிற்கிறது. மூட்டுவலிக்காகத் தினமும் போட்டுக்கொள்ளும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாத்திரைகளோ பேச்சில் வருவதேயில்லை. “வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று மருத்துவர் கேட்கும்போது பிரஷர், சுகர் மாத்திரைகளைச் சொல்பவர்கள் இவற்றை மருந்தாகவே கருதாமல் விட்டுவிடுகிறார்கள். வயிற்றுப்புண்ணுக்கு அந்தக் கிருமிக்கு இணையான முக்கியக் காரணம் இவையே.

ஸ்கேனை நம்புவதிலும் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. அல்ட்ராசவுண்டில் ஒன்றுமில்லை என்றால் வயிற்றிலேயே ஒன்றுமில்லை என்று எண்ணுவது முதலாவது. பித்தப்பைக் கல்லைக் காட்டுவதில் சிறந்த அக்கருவியால் இரைப்பைப் புண்ணை நம்பகமாகக் காட்ட முடியாது. கணையத்தையும் குடலில் உள்ள காற்று பல நேரங்களில் மறைத்துவிடும். முதுகுக்கு ஊடுருவி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தணியும் வலிக்குக் கணையத்தைத் தனியாகத் தேட வேண்டியிருக்கும். குடிப்பழக்கம் இல்லாத இளைஞர்களுக்கும் கணையத்தில் கல் சேரும் நோய் தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், நெடுங்காலமாக அறியப்பட்டதாகும். ஆகவே ‘இவர் குடிக்காதவர், கணையமாக இருக்காது’ என்று விலக்கிவிட முடியாது.

இரண்டாவது தவறு இதற்கு நேர் எதிரானது. ஸ்கேனில் பித்தப்பைக் கல் தெரிந்ததும் தேடல் நின்றுவிடுகிறது. கல் உள்ளவர்களுள் பெரும்பாலோருக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. மேல்வயிற்றின் நடுவிலோ வலப்புறத்திலோ, பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பிறகோ இரவிலோ தொடங்கி, அரை மணி நேரத்துக்கும் மேலாக விடாமல் பிடித்து, வலது தோள்பட்டைக்குப் பரவும் வலியென்றால் கல்லைச் சந்தேகிப்பது நியாயம். நாள்தோறும் வரும் உப்புசத்துக்கும் எரிச்சலுக்கும் அந்தக் கல்லைப் பொறுப்பாக்கிப் பித்தப்பையை எடுத்துவிட்டால், அறுவைக்குப் பின்னும் அதே தொந்தரவு தொடரக்கூடும்.

மெலிவு, விழுங்குவதில் சிரமம், ஓயாத வாந்தி, ரத்தசோகை, மஞ்சள் காமாலை, தார்போல் கறுத்த மலம் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் தொக்கம் எடுப்பதிலும் குடல் தட்டுவதிலும் நாளைக் கடத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால், அதை உட்கொள்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாகச் சர்க்கரை நோயும் எடைக் குறைவும் மேல்வயிற்று வலியும் சேர்ந்து வந்தால் கணையப் புற்றுநோயையும் நினைத்துப் பார்ப்பது அவசியம்.

கருவிகளின் மேல் உள்ள நம்பிக்கையில் விரலால் தொட்டுப் பார்ப்பது விடுபட்டுப்போவதுண்டு. ஒரே புள்ளியில், விரல் நுனியால் காட்டும்படி வலிப்பவரைப் படுக்கவைத்து, அவ்விடத்தை அழுத்தியபடியே தலையையும் தோளையும் தூக்கச் சொன்னால், வலி கூடினாலோ குறையாமல் இருந்தாலோ அது உள்ளுறுப்பின் வலியாக இல்லாமல் வயிற்றுச் சுவரின் வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கார்னெட் என்ற அறுவை மருத்துவர் 1926இல் விளக்கிய இச்சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். தசைக்குள் சிக்கிய நரம்பால் வரும் இந்த வலிக்கு மரப்பு ஊசி போட்டதும் வலி நின்றால், காரணமும் உறுதியாகிவிடும்.

எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருந்தும் வலி தொடர்ந்தால், ‘உனக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை’ என்று சொல்வது கொடுமையான தவறு. இரைப்பையின் அசைவிலும் நரம்புகளின் உணர்திறனிலும் ஏற்படும் கோளாறால் வரும் செயல்சார் செரிமானக் கோளாறு உண்மையான நோய்; அதற்கெனச் சிகிச்சைகளும் உள்ளன. இந்தக் கட்டத்தில்தான் பலர் மருத்துவரை மாற்றி மாற்றி, ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். புதிய மருத்துவரிடம் போவதானால் பழைய எண்டோஸ்கோபி (வாய்வழியே குழாய் செலுத்தி இரைப்பையைப் பார்க்கும் சோதனை) அறிக்கையையும், அப்போது எடுத்த திசுப் பரிசோதனை முடிவையும், அந்த நாளில் அமில மாத்திரை உட்கொண்டிருந்தீர்களா என்ற குறிப்பையும், இரண்டு வாரங்களுக்கு வலி வந்த நேரம், உண்டது, தணிந்த விதம் ஆகியவற்றை எழுதிய ஒரு தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.