ஸ்விஃப்ட்டின் பின்பக்க ஸ்பிரிங்கை வீட்டிலேயே மாற்றலாம் (கூடவே டயர் விஷயமும்)

பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் நாலு பை. வேகத்தடை ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னால் 'டங்' என்று அடிக்கிறதா? ஷாக் (வண்டியின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) போச்சு என்று சட்டென்று முடிவு கட்டாதீர்கள். ஷாக் போயிருந்தால் பள்ளம் தாண்டிய பிறகும் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும், மேலே எண்ணெய் கசிந்திருக்கும். அதெல்லாம் இல்லாமல் பின்பக்கம் தாழ்ந்தே நிற்கிறதென்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இரண்டு பக்கமும் டேப் பிடித்துப் பாருங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரில் காற்று குறைந்திருந்தாலே கணக்கு தப்பிவிடும்.

முன்பக்க ஸ்பிரிங்கைத் தொடவேண்டாம். அது ஸ்ட்ரட்டுக்குள் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த தொகுப்பு) அழுத்தி வைக்கப்பட்டது. ஸ்பிரிங் கம்ப்ரசர் (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி) போடாமல் மேல் நட்டைத் திறந்தால் ஆளையே அடிக்கும். பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) என்பதால் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. வேலை சுலபம்.

ஸ்பிரிங்கை எப்போதும் ஜோடியாக வாங்குங்கள். ஸ்பிரிங் உட்காரும் மேல், கீழ் ரப்பர் சீட்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். சுருளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர் எனக்குப் பிடிக்காது. தளர்ந்த ஸ்பிரிங்குக்கு அது மருந்து இல்லை.

வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிடுங்கள். அடுத்தது பலரும் கவனிக்காத விஷயம்: ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. அவை தரையிலிருந்து எழும்பிவிட்டால் ஹேண்ட் பிரேக் போட்டும் பயனில்லை. அதனால் முதல் கியரில் விட்டு, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். மேனுவலில் காட்டிய இடத்தில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

சக்கரங்களைக் கழற்றியதும், பீமின் இரு முனையிலும் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணத்துக்குக் கீழே முனைக்கொரு ஜாக்கி கொடுங்கள். ஒன்று வண்டியோடு வந்ததாகவே இருக்கலாம். பீமின் நடுவில் வைக்கவேண்டாம், வளையும். ஷாக்கின் கீழ் போல்ட் இரண்டையும் எடுத்துவிட்டு ஜாக்கிகளை மெல்ல இறக்குங்கள். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டே இறக்கவேண்டும். கிளிப்பை முன்பே விடுவித்துவிட்டால் நிம்மதி. கொஞ்ச தூரத்திலேயே ஸ்பிரிங் கையோடு வந்துவிடும்.

புதியதை வைக்கும்போது கீழ்ச் சுருளின் முனை கிண்ணத்திலுள்ள படியில் போய் முட்டவேண்டும். ஒரு விரலைவிட்டுத் தடவிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இனி என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்த இடம். ஷாக்கின் கீழ் போல்ட்டை, பீம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முழுசாக முறுக்கக்கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உறை) சுழலாது, முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரைக்கு வந்ததும் புஷ் இருபத்துநாலு மணி நேரமும் முறுக்கியபடியே நிற்கும். கிரீச் சத்தம், சீக்கிரம் வெடிப்பு எல்லாம் அதனால் வருவதுதான். எனவே போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றி, இரண்டு ஜாக்கியையும் உயர்த்துங்கள். வண்டியின் எடை ஸ்டாண்டைவிட்டு லேசாக எழும்பும் அளவில், ஸ்டாண்டை எடுக்காமலே, டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் ஆடம்பரமில்லை. இம்பாக்ட் கன்னால் வீல் நட்டை அடித்து முறுக்கும் கடைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

சக்கரத்தைப் போட்டு, நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியபிறகு ஒருமுறை மறுபடி சரிபாருங்கள். முன்பக்கமும் பட்டறையில் மாற்றினால் அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) கட்டாயம்.

டயரும் மாற்றுவதாக இருந்தால், பக்கவாட்டில் டாட் (DOT) குறியீட்டின் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பழைய டயரில் பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு தேய்மானக் குறி; 1.6 மி.மீ. உயரம். ரப்பர் அதன் மட்டத்துக்கு வந்தால் டயர் முடிந்தது. நைட்ரஜன் நிரப்பக் காசு கொடுப்பதில்லை நான். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதானே.

பிறகு சேர்த்தது: 14 அங்குல ரிம்மிலிருந்து 15-க்குப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். மொத்த விட்டத்தைப் பாருங்கள். 165/80 ஆர்14 (அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்): 165-இல் 80 சதவீதம் 132, இருமடங்கு 264, ரிம் 355.6, ஆக 619.6 மி.மீ. அதேபோல 185/65 ஆர்15-க்கு 621.5 வரும். இரண்டு மி.மீ.கூட வித்தியாசமில்லை, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் பக்கச்சுவர் 132-இலிருந்து 120-க்கு இறங்குகிறது. குழி கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

இன்னொரு கேள்வி: இரண்டு டயர் மட்டும் வாங்கினால் எங்கே போடுவது? கடையில் முன்னால் போடலாம் என்பார்கள். பின்னால் போடச் சொல்லுங்கள். மழையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும்.