பெங்களூருக்குப் புதிதாக வந்து, காரில் ட்ரெய்லர் கட்ட நினைப்பவர்களுக்கு

வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆவதற்குள் நம் ஆட்களில் பலர் ஒரு எஸ்.யு.வி. வாங்கிவிடுகிறார்கள். அதன் பின்னால் சின்னதாக ஒரு கேம்பிங் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு சனி ஞாயிறில் ஏற்காடு, குடகு என்று கிளம்பும் ஆசையும் கூடவே வருகிறது. நானும் நாலு வருடமாக அப்படிப் போய்வருகிறேன். குழந்தைகளோடு செய்ய இதைவிட நல்ல பயணம் எனக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காகித வேலையை முதலில் முடித்துவிடுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-ஆம் பிரிவுப்படி ட்ரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். இழுக்கும் காரின் நம்பரும் ட்ரெய்லரின் மேல் தெரிய வேண்டும். ஆர்.சி. இல்லாத ட்ரெய்லர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். டி.என். நம்பர் காரோடு வந்திருந்தால், 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்து ஓட்டும்போது கே.ஏ. நம்பருக்கு மாற்றியாக வேண்டும். ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி வாருங்கள். எந்தத் தேதியில் கர்நாடகாவுக்குள் வந்தீர்கள் என்று காட்ட, அத்திப்பள்ளி டோலில் பணம் போன ஃபாஸ்டாக் பதிவு உதவும், சேமித்து வையுங்கள்.

அடுத்து காரின் மேனுவல். இழுக்கக்கூடிய எடை அதில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இழுக்கக் கூடாது என்று இருந்தால் அந்தக் கார் இதற்கு ஆகாது, ஆசையை விட்டுவிடுங்கள். போட்டிருந்தால் தனி பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு ஒரு கணக்கு, பிரேக் இல்லாததற்கு ஒரு கணக்கு இருக்கும். ஐரோப்பாவில் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு 750 கிலோதான் உச்ச வரம்பு. என்ஜின் எவ்வளவு இழுக்கும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். இறக்கத்தில் அந்தப் பாரத்தை நிறுத்த முடியுமா என்பதுதான் என் கவலை. ட்ரெய்லரை இணைக்கும் கொக்கியைக் காரின் சேஸிஸில் போல்ட் போட்டு மாட்ட வேண்டும், பம்பரில் அல்ல.

எனக்கு இது புரிந்த இடம் தொப்பூர் கணவாய். முதல் வருடப் பொங்கலுக்கு சேலம் போய்க்கொண்டிருந்தோம். இருபது லிட்டர் தண்ணீர் கேன் நாலையும் ட்ரெய்லரின் கடைசியில் அடுக்கியிருந்தேன். தர்மபுரி தாண்டி இறக்கம் தொடங்கியதும் ஒரு லாரி வேகமாக ஒட்டிக் கடந்தது. அந்தக் காற்றில் ட்ரெய்லர் இடமும் வலமுமாக வால் ஆட்ட ஆரம்பித்தது. பயத்தில் பிரேக்கை மிதித்தேன், ஆட்டம் அதிகமானது. காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி வேகம் தானாகக் குறையவிட்ட பிறகுதான் அடங்கியது. பின் சீட்டில் பிள்ளைகள் இரண்டும் பேச்சு மூச்சில்லை.

கீழே டீக்கடையில் நாமக்கல் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் ட்ரெய்லரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "தம்பி, பாரத்தப் பின்னாடி வச்சா வால் ஆடத்தான் செய்யும். முன்னாடி ஏத்துங்க" என்று சொல்லி, அவரே இரண்டு கேனைத் தூக்கி முன்னால் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அளந்து பார்த்தேன். நீங்களும் கிளம்புவதற்கு முன் அளந்துவிடுங்கள். சாமான் எல்லாம் ஏற்றி எடை மேடையில் மொத்த எடை பாருங்கள். பிறகு சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ட்ரெய்லரின் மூக்கை, அதாவது கொக்கியில் மாட்டும் முன்முனையை, கொக்கி உயரத்துக்கு ஒரு மரக்கட்டை மேல் நிறுத்தி, கட்டைக்கு அடியில் வீட்டில் எடை பார்க்கும் மெஷினை வையுங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே விழ வேண்டும். 700 கிலோ என்றால் 70 முதல் 105 கிலோ. எனக்கு வெறும் 35 காட்டியது. அதிகமானாலும் ஆபத்துதான்: காரின் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரம் லேசாகி, ஸ்டியரிங் பிடி தளரும். மேனுவலில் இதற்கும் வரம்பு இருந்தால் அதைத் தாண்டக் கூடாது. அந்த எடை காருக்குள் ஏற்றும் பாரத்திலும் சேரும். ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானும் என்றால் கணக்கு உதைக்கும்.

இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு பிரேக் சூடேறி விபத்தான லாரிகள் தொப்பூரில் ஏராளம். நான் 70-க்கு மேல் போவதில்லை.

ரிவர்ஸ் எடுப்பதை ஞாயிறு காலையில் காலி மைதானத்தில் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால், கை போகும் பக்கமே ட்ரெய்லரும் போகும். அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் கன்னடத்தில் "ஹிந்தெ பன்னி" என்றால் பின்னால் வாங்க, "எடக்கெ" இடது, "பலக்கெ" வலது, "நில்லி" நில்லுங்கள். இந்த நாலு வார்த்தை போதும், அவரே அக்கறையாகப் பார்த்துக்கொள்வார். பேஸ்மெண்டில் இறக்க நினைக்காதீர்கள். எங்கே நிறுத்துவது என்று அசோசியேஷனிடம் முன்பே பேசுங்கள்.

ஊட்டிக்கு என்றால் பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி விட மாட்டார்கள். நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸும் உண்டு. 36 கொண்டை ஊசி வளைவு உள்ள கல்லட்டி வழியில் ட்ரெய்லரோடு ஏறவே வேண்டாம், கூடலூர் வழியாகப் போங்கள். வளைவில் ட்ரெய்லர் சக்கரம் காரைவிட உள்ளே வெட்டித் திரும்பும், அகலமாக எடுங்கள்.

கிளம்பும்போது பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொக்கிக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அதில் தாங்கும். பிரேக் லைட், இண்டிகேட்டர் எரிகிறதா என்று ஒருவரைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். கிருஷ்ணகிரியில் டிபனுக்கு நிறுத்தும்போது, இட்லி வருவதற்குள் ட்ரெய்லரின் வீல் நட்டுகளை ஸ்பானர் போட்டு ஒரு முறை இறுக்கிவிடுங்கள்.