எழுதும் நேரத்தில் இணையத்தைப் பூட்டி வைப்பது எப்படி?

ஒரு தகவலைச் சரிபார்க்கலாம் என்று இணையத்தைத் திறக்கும்போதுதான் எழுதுகிறவரின் காலைப்பொழுது கைநழுவுகிறது. யூடியூப் பார்க்கலாம் என்று திறந்தால் மனசாட்சி உறுத்தும், சீக்கிரம் திரும்பிவிடுவோம். சரிபார்ப்பதற்கு அந்த உறுத்தல் கிடையாது. அது வேலையின் வேடத்தில் வருகிறது.

சுலோசன முதலியார் பாலத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று வையுங்கள். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணியைக் கடக்கும் பாலம். அது திறக்கப்பட்டது 1843இல்தானா என்று பாதி வாக்கியத்தில் ஒரு சந்தேகம் எழுகிறது. தேடினால் ஆண்டு உடனே கிடைத்துவிடும். கூடவே பாலத்தின் பழைய புகைப்படம் ஒன்று வரும். அந்தப் படத்தைப் போட்டவர் படித்துறைகளைப் பற்றியும் எழுதியிருப்பார். அதற்குக் கீழே இரண்டு பேர் ஊர்ப்பெயரைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பார்கள். ஆண்டைக் குறித்துக்கொண்டு திரும்பும்போது, அந்த வாக்கியத்தை எப்படி முடிக்க நினைத்தோம் என்பது போயிருக்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் பேசப் போவதைப் போன்றது அது. ஆண்டை மாலையிலும் தேடிக்கொள்ளலாம். வாக்கியம் மாலைவரை காத்திருக்காது.

மொழிபெயர்ப்பும் மாத இதழ்களுக்கு எழுதும் வட்டார வரலாற்றுக் கட்டுரைகளும்தான் என் பிழைப்பு. இணையத் தடுப்பு மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். 'மன உறுதி இருந்தால் போதாதா?' என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: மன உறுதியைக் கட்டுரைக்குச் செலவிடுங்கள், உலாவியோடு மல்லுக்கட்டுவதற்கு அதை வீணாக்காதீர்கள். ஆசை வருவதற்கு முன்பே பூட்டிவிட்டால் போராட்டமே இல்லை. அதனால் நான் மறுநாள் காலைக்கான பூட்டை முந்தின இரவே போட்டுவிடுவேன்.

முதலில் தட்டச்சைக் கவனியுங்கள்

தமிழில் எழுதுகிறவர்கள் மென்பொருளைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நம்மில் பலர் இணையத்தின் துணையோடுதான் தட்டச்சே செய்கிறோம். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தரும் இணையப் பக்கங்கள், கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சு எல்லாமே இணையம் போனால் நின்றுவிடும். பூட்டுப் போட்ட உடனே எழுத்தும் நின்றுவிட்டால், 'இது எனக்குச் சரிப்படாது' என்று மென்பொருளையே நீக்கிவிடுவீர்கள். அப்படி நீக்கியவர்கள் சிலரை எனக்குத் தெரியும். பிழை மென்பொருளில் இல்லை.

விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் போய், மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99 விசைப்பலகையைத் தேர்ந்துகொள்ளலாம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தரப்படுத்தப்பட்ட அந்த முறையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். விசை தட்டுவது குறைவு, விரல் வலியும் குறைவு. ஒலிபெயர்ப்பு முறைதான் வரும் என்றால் என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்றவற்றைக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். இவற்றுக்கு இணையம் தேவையில்லை. மேக் கணினியில் தமிழ் 99, 'அஞ்சல்' என்ற ஒலிபெயர்ப்பு விசைப்பலகை இரண்டும் இயங்குதளத்தோடேயே வருகின்றன.

எழுதுவதற்கு லிப்ரே ஆபீஸ் ரைட்டரோ, உங்களிடம் இருக்கும் வேறு எந்தக் கணினிச் செயலியோ போதும். வாணி, நாவி போன்ற பிழைதிருத்திகள் இணையத்தில் இயங்குபவை. அருமையான கருவிகள், அவற்றை உருவாக்கிய நீச்சல்காரனுக்குத் தமிழ் எழுதுகிறவர்கள் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அவற்றின் வேலை எழுதி முடித்த பிறகுதான். சந்திப்பிழைக்காக ஒவ்வொரு பத்தியிலும் நின்றால் எட்டாவது பத்திக்கு வந்து சேரவே மாட்டோம்.

மேற்கோள் காட்ட வேண்டிய நூல்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் இலக்கியங்களை மின்னுரையாகத் தந்துகொண்டிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சுப் பதிப்புகள் படமாகவே கிடைக்கின்றன. அந்தக் கட்டுரைக்கென்று ஒரு கோப்புறை போட்டு, தேவைப்படுவனவற்றை எல்லாம் அதில் சேமித்துவிட்டால், இணையத்துக்குள் போவதற்கான காரணங்களில் பாதி குறைந்துவிடும்.

எந்தப் பூட்டு?

இந்த வகை மென்பொருட்களில் மூத்தவற்றுள் ஒன்று ஃப்ரீடம். அமெரிக்காவின் சேப்பல் ஹில்லில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஃப்ரெட் ஸ்டட்ஸ்மன் 2008இல் மேக் கணினிக்காக அதை உருவாக்கினார். அன்று அது செய்த வேலை ஒன்றே ஒன்று: நீங்கள் சொல்லும் நேரம்வரை, அதிகபட்சம் 8 மணிநேரத்துக்கு, கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிடும். நடுவில் இணையம் வேண்டுமென்றால் கணினியை அணைத்து மறுபடி இயக்க வேண்டும். அந்த அலுப்புதான் அதன் பலம். இங்கிலாந்து நாவலாசிரியர் ஜேடி ஸ்மித், 2012இல் வெளிவந்த தன் நாவலின் நன்றியுரையில் ஃப்ரீடத்துக்கும் செல்ஃப்கன்ட்ரோல் என்ற இன்னொரு பூட்டுக்கும் நன்றி சொல்லியிருக்கிறார். இன்று ஃப்ரீடம் கட்டணச் சந்தாவில் கிடைக்கிறது. கணினி, கைப்பேசி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பூட்டும்.

மேக் வைத்திருப்பவர்கள் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. செல்ஃப்கன்ட்ரோல் இலவசம், திறமூல மென்பொருளும்கூட. தளங்களின் பட்டியலைக் கொடுத்து, நேரத்தை நகர்த்தி வைத்து, தொடங்கும் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. கணினியை அணைத்து இயக்கினாலும், செயலியையே நீக்கினாலும் நேரம் முடியும்வரை பூட்டு விலகாது. தொடங்குவதற்கு முன் பட்டியலை ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் அதே கடுமையோடு இருப்பது கோல்டு டர்க்கி. இலவசப் பதிப்பிலேயே தளங்களை நேரம் குறித்துப் பூட்டலாம். செயலிகளையும் பூட்டவும், அன்றாட அட்டவணை போட்டு வைக்கவும் ஒரு முறை பணம் கட்டி முழுப்பதிப்பை வாங்க வேண்டும். இதே நிறுவனத்தின் கோல்டு டர்க்கி ரைட்டர் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இத்தனை சொற்கள், அல்லது இத்தனை நிமிடங்கள் என்று இலக்கு வைத்தால், அது எட்டப்படும்வரை கணினியில் வெற்றுத்தாளைத் தவிர வேறெதுவும் தெரியாது. முதல் வரைவு எழுதுவதற்கு அது நல்லது. மொழிபெயர்ப்புக்கு ஆகாது, மூலநூல் கண்முன் இருக்க வேண்டுமே.

எந்தத் தளம் எந்த முகவரியில் இருக்கிறது என்று கணினி பார்த்துக்கொள்ளும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் தளங்களின் முகவரிக்கு முன் 0.0.0.0 என்று எழுதி முடக்கும் பழைய வழியும் உண்டு. செலவில்லை, எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் அதற்கு நேரக்கெடு கிடையாது. எழுதியதை எப்போது வேண்டுமானாலும் அழித்துவிடலாம் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

நான் அன்றாடம் பயன்படுத்துவது லீச்பிளாக். ஃபயர்பாக்ஸ், குரோம், எட்ஜ் மூன்றிலும் இலவச நீட்சியாகச் சேர்த்துக்கொள்ளலாம். முப்பது பட்டியல்கள்வரை தனித்தனி விதிகளோடு வைத்துக்கொள்ள அதில் இடமுண்டு. எனக்கு இரண்டு போதும். முதலாவதற்கு 'எழுத்து' என்று பெயர். தளங்களை எழுதும் கட்டத்தில் ஒரு வரியில் நட்சத்திரக் குறி மட்டும் இட்டிருக்கிறேன். எல்லாத் தளங்களும் மூடு என்று அதற்குப் பொருள். அதற்கு அடுத்த வரியில், கூட்டல் குறியை முன்னால் போட்டு ஒரே ஒரு முகவரி: சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி. கூட்டல் குறி இருந்தால் அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்கு. லெக்சிகனுக்குள் போனால் சொல்லும் பொருளும்தான் இருக்கும், அங்கிருந்து வழிதவறிப் போக இடமில்லை. விக்கிப்பீடியாவுக்கு நான் விலக்குத் தருவதில்லை. அதன் ஒவ்வொரு வரியிலும் இன்னொரு கதவு திறந்திருக்கிறது.

நேரக் கட்டத்தில் 0600-1000 என்று, இடைவெளி இல்லாமல் நான்கு இலக்கமாக எழுத வேண்டும். அதன்பின் தடை இருக்கும் நேரத்தில் அமைப்புப் பக்கத்தையே திறக்க விடாதே என்ற தேர்வைத் தவறாமல் குறியிடுங்கள். இது இல்லாவிட்டால் சாவியைப் பூட்டிலேயே விட்டுவைத்ததாகிவிடும். மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரத்திலும் நீட்சி இயங்க அனுமதி கொடுக்க வேண்டும். இது அந்த ஓர் உலாவியை மட்டுமே பூட்டும். கணினியில் வேறு உலாவி இருந்தால் அதிலும் சேர்த்துவிடுங்கள்.

முதல் நாளே நான்கு மணிநேரம் பூட்ட வேண்டாம். கால்மணி நேரம் பூட்டிப் பாருங்கள். தட்டச்சு வருகிறதா, அகராதி திறக்கிறதா, கோப்பு சேமிக்கப்படுகிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு நீட்டுங்கள்.

கடவுச்சொல் முறையும் லீச்பிளாக்கில் இருக்கிறது. கெடு நெருங்கும் வாரங்களில் அதை என் அண்ணன் மகளை விட்டு வைக்கச் சொல்வேன். கல்லூரியில் படிக்கிறாள், கண்டிப்பானவள். ஒரு நாள் பதிப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்று கேட்டதற்கு, "அத்தை, அவசரம் என்றால் அவர்களே தொலைபேசியில் கூப்பிடுவார்கள். பத்து மணிக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளுங்கள்" என்றாள். அவள் சொன்னது சரி. மின்னஞ்சலில் வரும் எதுவும் அவ்வளவு அவசரம் இல்லை.

இரட்டைச் சதுரக் குறி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பூட்டிய நேரத்தில் சந்தேகம் வந்தே தீரும். ஆண்டு, பெயரின் எழுத்து, ஒரு மேற்கோளின் சரியான வடிவம், எதுவாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் ## என்று இட்டு, பக்கத்தில் என்ன வேண்டும் என்பதை இரண்டொரு சொல்லில் எழுதிவிட்டு மேலே போங்கள். 'பாலம் ##ஆண்டு1843?## திறக்கப்பட்டபோது ஆற்றைக் கடக்கப் படகுக்காகக் காத்திருந்தவர்கள்...' என்று வாக்கியம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தமிழ்க் கட்டுரைக்குள் அந்தக் குறி வேறெதற்கும் வராது. பிறகு கன்ட்ரோல்-எஃப் அழுத்தித் தேடினால் ஒன்றுவிடாமல் வந்து நிற்கும். கேள்விக்குறியைப் பயன்படுத்தாதீர்கள், உண்மையான கேள்விகளோடு கலந்துவிடும்.

இதில் இன்னொரு நன்மை உண்டு. எழுதும்போது உயிர்போகும் தேவையாகத் தெரிந்த தகவல்களில் சில, கட்டுரையை முழுதாகப் படிக்கும்போது வேண்டாதவையாகிவிடும். பாலத்தின் கதையை அதைக் கட்டச் செய்தவரின் மனத்திலிருந்து சொல்லத் தொடங்கிய பிறகு, எத்தனை தூண், எவ்வளவு நீளம் என்பதெல்லாம் எனக்குத் தேவைப்படவே இல்லை. தேடியிருந்தால் அவற்றை உள்ளே திணித்திருப்பேன்.

கைப்பேசி

கணினியைப் பூட்டிவிட்டுக் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்திருந்தால் பயன் இல்லை. ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங்கின் ஃபோகஸ் மோட், ஐபோனில் ஸ்கிரீன் டைம் என்று வசதிகள் இருக்கின்றன. ஆனால் ஃபோகஸ் மோடை ஒரே தொடுதலில் விலக்கிவிடலாம் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. மொபைல் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்து, ஒலியை ஏற்றி, அடுத்த அறையில் வையுங்கள். அழைப்பும் குறுஞ்செய்தியும் இணையம் இல்லாமலே வரும். வயதான பெற்றோர் இருக்கும் வீட்டில், பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்த வழி திறந்திருந்தே ஆக வேண்டும். காலையில் வாட்ஸ்அப் பார்ப்பதில்லை, அவசரம் என்றால் கூப்பிடுங்கள் என்று வழக்கமாகத் தொடர்புகொள்பவர்களிடம் ஒரு முறை சொல்லி வைத்தால் போதும். பெரும்பாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

பூட்டு திறந்த பிறகு

பத்து மணிக்கு 'எழுத்து' பட்டியல் விலகியதும் இரண்டாவது பட்டியலான 'தேடல்' தொடங்குகிறது. இதில் முகநூல், யூடியூப், எக்ஸ், செய்தித்தளங்கள் மட்டும் மூடியிருக்கும், மற்றவை திறந்திருக்கும். இதற்கு 1000-1200 என்று நேரம் வைத்திருக்கிறேன். பூட்டுத் திறந்தவுடன் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் தேட வேண்டியவை தேங்கிவிடும், மறுநாள் காலை அவை எழுத்துக்கு நடுவே வந்து நிற்கும்.

கட்டுரையின் மேலிருந்து ஒவ்வொரு ## குறியாக எடுத்து, விடை கிடைத்ததும் குறியை அழித்து, எங்கே கிடைத்தது என்பதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே தகவல் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குப் படியெடுக்கப்பட்டிருந்தால் அதைச் சான்றாக எடுக்காதீர்கள். வட்டார வரலாற்றில் இது மிக அதிகம். இணையத்தில் உறுதியாகாத குறிகளை அப்படியே விட்டு, தாளில் படியெடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குப் போகிறேன். போவதற்கு முன், மறுநாள் காலை ஆறு மணிக்கான கோப்பைத் திறந்து, அடுத்த பத்தியின் முதல் வாக்கியத்தைப் பாதி எழுதி வைத்துவிடுவேன்.