ஆப்பிள் பங்கு: ஆசையிலும் சந்தேகத்திலும் நேரும் தவறுகள்

2000 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் பவர் மேக் ஜி4 கியூப் என்ற கணினியை அறிமுகப்படுத்தியது. கண்ணாடி போன்ற கூட்டுக்குள் அந்தரத்தில் நிற்பது போல ஒரு சிறிய கனசதுரப் பெட்டி. உள்ளே விசிறி இல்லை என்பதால் சத்தமும் இல்லை. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்ட அளவுக்கு அழகான பொருள் அது. ஆனால், அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று ஆப்பிள் பங்கு ஒரே நாளில் 53.50 டாலரிலிருந்து 25.75 டாலருக்கு விழுந்தது. முந்தைய நாள் சந்தை முடிந்த பின் நிறுவனம் விடுத்த அறிவிப்புதான் காரணம்: செப்டம்பர் விற்பனை எதிர்பார்த்தபடி இல்லை, கல்வி நிறுவனங்கள் வாங்குவது குறைந்துவிட்டது, கியூப் மந்தமாகத்தான் விற்கிறது.

இந்தப் பங்கில் ஆசை வைப்பவர்கள் செய்யும் முதல் தவறு இதில் அப்படியே தெரிகிறது. கையில் இருக்கும் கணினி பிடித்திருக்கிறது, ஆகவே பங்கும் நல்ல பங்கு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கணினி நன்றாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதை எத்தனை பேர், என்ன விலை கொடுத்து வாங்குவார்கள் என்பது வேறு கேள்வி. அந்த விற்பனை ஏற்கெனவே பங்கின் விலையில் கணக்கிடப்பட்டுவிட்டதா என்பது மூன்றாவது கேள்வி. பலர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

சந்தேகப்பட்டவர்களும் அதே ஆண்டில் கோட்டை விட்டார்கள். டிசம்பர் முடிவில் பங்கு 15 டாலருக்கும் கீழே வந்திருந்தது. நிறுவனத்தின் மொத்தச் சந்தை மதிப்பு ஏறக்குறைய 500 கோடி டாலர். அதன் கையிருப்புப் பணம் மட்டும் சுமார் 400 கோடி டாலர். கடன் மிகக் குறைவு. மேக் கணினி வணிகம், மென்பொருள், பெயர் எல்லாம் சேர்ந்து 100 கோடி டாலர்தான் பெறும் என்று சந்தை சொல்லிக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பைப் புரட்டிய எவருக்கும் இது தெரிந்திருக்கும். புரட்டாமல் பேசியவர்களே அதிகம்.

அவர்களுடைய சந்தேகத்துக்கு வேர் 1997இல் இருந்தது. அந்த ஆண்டு ஆப்பிள் 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் கண்டது. மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் முதலீடு செய்தது. நானாக இருந்தால் நிறுவனத்தை மூடிப் பணத்தைப் பங்குதாரர்களிடம் திருப்பித் தந்துவிடுவேன் என்று போட்டிக் கணினி நிறுவனமான டெல்லின் நிறுவனர் மைக்கேல் டெல் சொன்னதும் அப்போதுதான். அன்றைய நிலையில் அதை அபத்தம் என்று நான் சொல்லமாட்டேன். மறு ஆண்டே நிறுவனம் லாபத்துக்குத் திரும்பிய பிறகும் அதே தீர்ப்பைப் பிடித்துக்கொண்டிருந்ததுதான் தவறு. 2006 ஜனவரியில் ஆப்பிளின் சந்தை மதிப்பு டெல் நிறுவனத்தைத் தாண்டியது.

பங்கு விலை நூற்றுக்கணக்கான டாலரில் இருந்தால் அது விலை கூடிய பங்கு, ஒரு பங்கைப் பல பங்குகளாகப் பிரித்தபின் மலிவான பங்கு என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆப்பிள் ஐந்து முறை பங்குப் பிரிப்பு செய்திருக்கிறது. 1980 டிசம்பரில் 22 டாலருக்கு விற்ற ஒரு பங்கு இன்று 224 பங்குகள். வெட்டிய துண்டுகள் கூடினவே தவிர, பிரிப்பினால் மதிப்பு கூடவில்லை.

பார்க்க வேண்டியது பி.இ. விகிதத்தை. பங்கின் விலையை ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தால் வகுத்தால் வருவது அது. 2012 செப்டம்பரில் 700 டாலரைத் தொட்ட பங்கு, அடுத்த ஏப்ரலில் 400க்கும் கீழே வந்தது. ஐபோனின் காலம் முடிந்தது என்று பேசினார்கள். அப்போது பி.இ. 10க்கும் குறைவு. அண்மை ஆண்டுகளில் அதே பங்கு பி.இ. 30ஐயும் தாண்டி விற்றிருக்கிறது. நிறுவனத்தைப் பற்றிய புகழ்ச்சி அப்படியே இருக்கலாம். ஒரு டாலர் லாபத்துக்கு மூன்று மடங்கு விலை கொடுப்பவருக்குக் கிடைக்கக்கூடிய பலன் அதே அளவு இருக்காது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனிக்காமல் பணம் போடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

மொத்த லாபத்தை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். 2015 நிதியாண்டில் ஆப்பிளின் நிகர லாபம் 5,340 கோடி டாலர். 2018இல் 5,950 கோடி. வளர்ச்சி சுமார் 11 சதவீதம். ஆனால் ஒரு பங்குக்கான லாபம் 9.22 டாலரிலிருந்து 11.91 டாலராக, அதாவது 29 சதவீதம் உயர்ந்தது. நிறுவனம் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கிக் குறைத்ததன் விளைவு இது. வளர்ச்சி நின்றுவிட்டது என்று விலகியவர்கள் இந்தக் கணக்கைத் தவறவிட்டார்கள். மறுபக்கம், இந்த வளர்ச்சி முழுவதும் விற்பனையால் வந்தது என்று மகிழ்வதும் பிழையே.

அன்றே வாங்கியிருந்தால் கோடீஸ்வரன் ஆகியிருப்பேன் என்ற ஏக்கத்தில் இறங்காதீர்கள். 1990களின் தொடக்கத்தில் கணினிச் சந்தையில் கமோடோர், காம்பேக், கேட்வே ஆகிய நிறுவனங்களும் இருந்தன. கமோடோர் 1994இல் திவாலானது. மற்ற இரண்டும் வேறு நிறுவனங்களுக்குள் போய்விட்டன. ஆப்பிளிலேயே 2000 செப்டம்பரில் 53.50 டாலரில் வாங்கியவர் அந்த விலையை மறுபடி பார்க்க 2004 வரை காத்திருந்தார்.

தலைப்புச் செய்தியை மட்டும் படித்துவிட்டு விற்பது இன்னொரு தவறு. 2019 ஜனவரி 2 அன்று ஆப்பிளின் அப்போதைய தலைமை நிர்வாகி டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். காலாண்டு வருவாய் 8,900 கோடி முதல் 9,300 கோடி டாலர் வரை வரும் என்று முன்பு சொல்லியிருந்ததை 8,400 கோடியாகக் குறைத்தார். சீனாவில் ஐபோன் விற்பனை சரிந்தது முக்கியக் காரணம். மறுநாள் பங்கு சுமார் 10 சதவீதம் விழுந்தது. அன்று 142 டாலருக்கு விற்றவர்கள், ஆண்டு முடிவில் அது 293 டாலரில் நிற்பதைப் பார்த்தார்கள். ஐபோன் தவிர்த்த மற்ற எல்லாப் பிரிவுகளும் சேர்ந்து ஏறக்குறைய 19 சதவீதம் வளர்ந்திருக்கின்றன என்ற வரியும் அதே கடிதத்தில்தான் இருந்தது.